ஆறு கால் அப்பாவி

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பக்கம் குடியிருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். “தியானமெல்லாம் உண்டா?” என்கிறார்கள். “குரு யாரு?” என்கிறார்கள். செங்கம் ரோட்டில் ஆபீஸ், அதற்குப் பக்கத்தில் மலிவாக ஒரு ரூம் கிடைத்தது என்ற உண்மையைச் சொன்னால் யாரும் ரசிப்பதில்லை. ஆகவே இப்போதெல்லாம் வேறு பதில் வைத்திருக்கிறேன்.

“நான் இங்கே உட்கார்ந்து கவனிக்கிற ஆசாமிக்கு ஆறு கால், இரண்டு சிறகு. சாப்பாடு அநேகமாகக் கிடையாது. ஆயுள் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம்.”

கேட்டவர் கொஞ்சம் தள்ளி நின்று பேச ஆரம்பித்துவிடுவார்.

அந்த ஆசாமியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மழை பெய்து ஓய்ந்த ராத்திரி. ட்யூப்லைட்டுக்குக் கீழே சுவரில் ஒரு பெரிய கொசு. சாதாரணக் கொசு இல்லை. நாலு கொசுவை ஒன்றாகச் சேர்த்து இழுத்து நீட்டிய மாதிரி ஒன்று. உடம்பு ஒரு நூல். கால்கள் அதைவிட மெல்லிய நூல், உடம்பைப் போல இரண்டு பங்கு நீளம். பறக்கும்போது அந்தக் கால்களெல்லாம் டவுன் பஸ் படிக்கட்டில் தொங்குகிற காலேஜ் பசங்கள் மாதிரி தொங்கிக்கொண்டே வரும். எந்தப் பக்கம் போகிறோம் என்று அதற்கே தெரியாது. சுவரில் மோதும். காலண்டரில் மோதும். உங்கள் மூக்கில் மோதும். நீங்கள் “ஐயோ, இவ்ளோ பெரிய கொசுவா!” என்று கையில் அகப்பட்ட வாரப் பத்திரிகையைச் சுருட்டுவீர்கள். (இந்தப் பத்திரிகையை அல்ல என்று நம்புகிறேன்.)

பட்டென்று ஓர் அடி. சுவரில் ஒரே ஒரு கால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அது கொசு இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

*

எனக்கு ஒரு ரூம்மேட் உண்டு. எங்கள் ஆபீஸிலேயே வேறு செக்‌ஷன். பெயர் வேண்டாம், பேட்ஸ்மேன் என்று வைத்துக்கொள்வோம். கொசு அடிக்கிற எலெக்ட்ரிக் பேட்டை அவர் மாதிரி வீசுகிறவரை நான் பார்த்ததில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிரீஸில் இறங்குவார். கதவு மூலையில் ஸ்கொயர் கட், கட்டிலுக்கு அடியில் ஸ்வீப், ஃபேனுக்குக் கீழே ஹூக் ஷாட். ‘படார்’ என்று சத்தம் வரும்போதெல்லாம் “ஒண்ணு!” “ரெண்டு!” என்று ஸ்கோரும் அவரே சொல்லிக்கொள்வார்.

அன்றைக்கு ஐப்பசி மழை. கரன்ட் போய்த் திரும்பி வந்திருந்தது. ஜன்னல் வழியாக நம் ஆசாமி நுழைந்து ட்யூப்லைட்டைப் பிரதட்சணம் செய்தார். (ஊர்ப் பழக்கம்.)

“நகருங்க சார். இது சிக்ஸர்!”

“ஒரு நிமிஷம் இருங்க. அது கொசு இல்லை.”

“கொசு இல்லியா? இது கடிச்சா ஒரு பாட்டில் ரத்தம் போயிடும் சார்!”

பஞ்சாங்கம் படிக்க என் அப்பா வைத்திருந்த பூதக்கண்ணாடி ஒன்று என் பெட்டியில் இருந்தது. கண்ணாடி டம்ளரை மெல்லக் கவிழ்த்து, அடியில் ஒரு கல்யாணப் பத்திரிகையைச் செருகி, ஆசாமியை மேஜைக்குக் கொண்டு வந்தேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

“கொசுன்னா மூஞ்சியிலே ஊசி நீட்டிக்கிட்டு இருக்கும். இதுக்கு இருக்கா பாருங்க.”

“ஊசி இல்லை... மொண்ணையா ஒரு மூக்கு மாதிரி இருக்கு.”

“அதுதான் வாய். ரத்தம் உறிஞ்சற கருவியே இதுக்குக் கிடையாது. வளர்ந்தப்புறம் முக்கால்வாசி சாப்பிடறதே இல்லை. சிலது மட்டும் பூவிலே கொஞ்சம் தேன் குடிக்கும்.”

“பின்னாடி கூரா இருக்கே, அது கொடுக்குதானே?”

“இல்லை. முட்டையை ஈரமண்ணுக்குள்ளே சொருகி வைக்கிற குழாய். இது பொம்பளை. ஆணுக்கு வால் நுனி மழுங்கி, தடிச்சு இருக்கும்.”

பேட்ஸ்மேன் சட்டென்று மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டார்.

பூதக்கண்ணாடியில் இன்னும் இரண்டு சமாசாரம் தெரிந்தன. முதலாவது, முதுகில் ‘வி’ என்ற ஆங்கில எழுத்து மாதிரி ஒரு மடிப்பு. இந்தக் குடும்பத்தின் நெற்றி நாமம் அது. அதை வைத்தே ஆளை அடையாளம் சொல்லிவிடலாம். இரண்டாவது, சிறகுகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் குண்டூசி மாதிரி, முனையில் சின்ன உருண்டையுடன் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தண்டுகள். ஈ, கொசு எல்லாவற்றுக்குமே முன் சிறகுதான் பறக்க. பின் சிறகு சுருங்கி இப்படித் தண்டாகிவிட்டது. மற்றதில் பார்க்கக் கண் கூர்மையாக இருக்க வேண்டும். நம் ஆசாமிக்கு வெறுங்கண்ணாலேயே தெரியும். பறக்கும்போது இந்தத் தண்டுகள் சிறகோடு சேர்ந்து அதிரும். உடம்பு ஒரு பக்கம் திரும்பினால் அந்த அதிர்வில் ஏற்படும் மாற்றத்தை வைத்து பேலன்ஸ் செய்துகொள்ளும். உங்கள் செல்போனுக்குள் கடுகளவில் உட்கார்ந்திருக்கும் கைரோஸ்கோப் சில்லு இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

“இவ்ளோ டெக்னாலஜி வச்சுக்கிட்டு காலண்டர்ல முட்டிக்குதே சார்!” என்றார் பேட்ஸ்மேன். நியாயமான கேள்வி. நல்ல செல்போன் வைத்திருக்கிறவர்களும் முட்டிக்கொள்கிறார்கள் என்று சொல்லி வைத்தேன்.

கால்கள் சுலபமாகக் கழன்றுவிடுவதும் ஒரு ஏற்பாடுதான். காலின் அடிப்பக்கத்தில் உடைவதற்கென்றே ஓர் இணைப்பு இருக்கிறது. தவளையோ சிலந்தியோ காலைப் பிடித்தால், ‘வைத்துக்கொள்’ என்று கொடுத்துவிட்டு மிச்ச ஐந்தோடு பறந்துவிடும். பல்லிக்கு வால் மறுபடி முளைக்கும். இதற்குக் கால் முளைக்காது. பனி நாடுகளில் சிறகே இல்லாமல் பனிமேல் நடந்து திரியும் உறவினர் ஒருவர் உண்டு. உறைபனி காலில் ஏறி உடம்புக்குப் பரவுமுன் அவர் அந்தக் காலைத் தானே கழற்றிப் போட்டுவிடுகிறார் என்று 2023-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்னார்கள். உயிரோடு இருப்பதற்கு எவ்வளவு சிக்கனம் பாருங்கள்.

*

இதற்குத் தமிழில் பெயர் என்ன?

ஊரில் கேட்டுப் பார்த்தேன். டீக்கடைக்காரர் “பெரிய கொசு” என்றார். வீட்டுக்கார அம்மா “கொசுவோட பெரியப்பா” என்றார். இங்கிலீஷில் கிரேன் ஃப்ளை. கிரேன் என்றால் நெடுங்கால் கொக்கு ஜாதிப் பறவை. ஆகவே நான் ‘கொக்கு ஈ’ என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் இதைச் செல்லமாக நெட்டைக்கால் அப்பா என்பார்கள். அமெரிக்காவில் பல ஊர்களில் கொசுப் பருந்து என்று ஒரு பெயர். கொசுவைப் பிடித்துத் தின்னும் என்று நம்பிக்கை. அதுவும் பொய். ஒரு பக்கம் கொசு என்று அடி, இன்னொரு பக்கம் கொசுவைத் தின்னும் என்று பாராட்டு. இரண்டுக்கும் நம் ஆள் பொறுப்பில்லை.

பேட்ஸ்மேனை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2017 ஆகஸ்டில் சீனாவில் செங்டூ நகருக்குப் பக்கத்து மலையில் 11.15 சென்டிமீட்டர் சிறகு விரிப்புள்ள ஒரு பூச்சி பிடிபட்டது. 2018-ல் ‘உலகத்திலேயே பெரிய கொசு’ என்று உலகமெங்கும் செய்தி ஓடியது. அது கொக்கு ஈ. ஹொலோருசியா மிகாடோ என்று பெயர். ரத்தம் குடிக்காது என்று செய்தியின் கடைசி வரியில் போட்டிருந்தார்கள். கடைசி வரியை யார் படிக்கிறார்கள்?

இத்தனைக்கும் இது ஏதோ அபூர்வப் பிறவி இல்லை. உலகத்தில் இதுவரை பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டுச் சேற்றோரங்களில் கிடைக்கும் ஒருவரைச் சொல்கிறேன். கொனோசியா இரோரேட்டா. மெலிந்த நீண்ட உடம்பு. சிறகு ஓரமெல்லாம் சின்னச் சின்னப் பழுப்புப் பொட்டு. இரோரேட்டா என்றால் லத்தீனில் ‘பனித்துளி தெளித்தது’ என்று அர்த்தம். 1828-ல் இந்தப் பெயரை வைத்தவர் வீடெமான் என்ற ஜெர்மானியர். அவர் கீல் நகரத்தில் பிரசவ வைத்தியப் பேராசிரியர்! ராத்திரி பகல் பாராமல் குழந்தைகளைக் கையில் வாங்கிய மனிதர், நேரம் கிடைத்தபோது ஈக்களுக்கும் நாமகரணம் செய்திருக்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வழியாக ஜப்பான், ஆஸ்திரேலியா வரை இந்த இனம் இருக்கிறது. பாஸ்போர்ட் இல்லாமல் இத்தனை நாடு.

அடுத்தவர் ப்ருனெட்டி. இத்தாலிய வம்சாவளி ஆங்கிலேயர், தொழில் சங்கீதம். வாத்தியம் வாசித்துக்கொண்டே ஆசியாவெல்லாம் சுற்றி, கல்கத்தாவில் வந்து தங்கி, 1912-ல் பிரிட்டிஷ் இந்தியாவின் ஈக்களைப் பற்றிக் கனமான புத்தகம் ஒன்றைப் போட்டார். கொசுக்கள் அந்தப் புத்தகத்தில் சேர்த்தியில்லை. கொக்கு ஈக்கு உள்ளே ஸீட் உண்டு. சரித்திரத்தில் கொசுவைவிட இதற்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆனால் உண்மையான பைத்தியம் என்றால் (நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன்) அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் அலெக்ஸாண்டர். 1889-ல் பிறந்து 1981-ல் மறைந்தவர். தன் ஆயுளில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட கொக்கு ஈ இனங்களுக்குப் பெயர் வைத்து விவரம் எழுதினார். எழுபது வருஷ உழைப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டால் சராசரியாக இரண்டு மூன்று நாளைக்கு ஒரு புது இனம், ஞாயிற்றுக்கிழமை லீவு உள்பட. மனைவி மேபல் கடைசிவரை கூடவே உழைத்தார். வீடு முழுக்கப் பெட்டி பெட்டியாக ஈ. கணவர் ஆபீஸ் ஃபைலை வீட்டுக்குக் கொண்டு வந்தாலே சண்டை போடுகிற குடும்பங்கள் யோசிக்கவும்.

அலெக்ஸாண்டருக்குத் தென்னிந்திய ஈக்கள் எப்படிக் கிடைத்தன? இங்கேதான் நம்ம ஊர் ஆள் வருகிறார். காரைக்கால் பக்கம் குரும்பகரத்தைச் சேர்ந்த பி.சூசை நாதன். நீலகிரி, ஆனைமலை, கோயம்புத்தூர் என்று காடு மேடெல்லாம் அலைந்து பூச்சி பிடித்து, பதப்படுத்தி, லேபிள் எழுதி, வெளிநாட்டு அறிஞர்களுக்கும் மியூசியங்களுக்கும் அனுப்பினார். அவர் அனுப்பியதிலிருந்து அலெக்ஸாண்டர் எத்தனையோ புது இனங்களை உலகத்துக்குச் சொன்னார். இன்றைக்கும் உலகத்துப் பெரிய மியூசியங்களின் அலமாரிகளில் ‘குரும்பகரம், காரைக்கால்’ என்ற லேபிள் பூச்சிகளுக்குக் கீழே குத்தியிருக்கிறது. ஆனால் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் சூசை நாதன் என்று கேட்டால், எந்தத் தெரு என்று திருப்பிக் கேட்பார்கள்.

*

இதுவரை சொன்னதெல்லாம் சுவரில் உட்கார்ந்த நாலு நாள் விருந்தாளியைப் பற்றி. அதன் நிஜமான வாழ்க்கை சுவரில் இல்லை, சேற்றில்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செங்கம் ரோட்டைத் தாண்டி சமுத்திரம் ஏரிப் பக்கம் போனேன். கையில் ஒரு பழைய ஸ்பூன், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். தண்ணீர் முடிந்து தரை தொடங்கும் ஓரத்தில், அழுகிய இலைக்கு அடியில் கிளறினால், அதோ, மண் நிறத்தில், காலில்லாமல், பென்சில் துண்டு மாதிரி ஒரு புழு. தலை எங்கே என்று தேட வேண்டும். பயந்தால் தலையை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். வால்தான் அழகு. சின்னச் சின்ன விரல்கள் மாதிரி மடல்கள், நடுவில் கண் மாதிரி இரண்டு புள்ளி. அந்தப் புள்ளிகள்தான் மூக்கு! தலையைச் சேற்றுக்குள் விட்டுச் சாப்பிட்டுக்கொண்டே, வாலை மேலே நீட்டி மூச்சு விடும். நம்மில் சில பேர் பந்தியில் சாப்பிடும்போது மூச்சு விடுகிறார்களா என்றே சந்தேகமாக இருக்கும். இது அந்தப் பிரச்னையைத் தீர்த்துவிட்டது.

சாப்பாடு பெரும்பாலும் அழுகிய இலை, மட்கிய கட்டை. சில இனங்கள் மட்டும் மற்ற புழுக்களைப் பிடித்துத் தின்னும். இலையைத் தின்று தூளாக்கி வெளியே தள்ளுகிறதே, அது அடுத்த கட்டச் சிற்றுயிர்களுக்குச் சாப்பாடு. புழுவே தவளைக்கும் மீனுக்கும் பறவைக்கும் சாப்பாடு. சம்பளம் வாங்காத முனிசிபல் தொழிலாளி.

இனத்தைப் பொறுத்து, குளிரைப் பொறுத்து, புழுவாக இருக்கும் காலம் சில வாரத்திலிருந்து ஒரு வருஷம், சிலதற்கு அதற்கு மேலும் கூட. நாலு தடவை தோல் மாற்றி வளர்ந்து கூட்டுப்புழுவாகும். அப்போது தோளில் இரண்டு கொம்பு. மூச்சு விடும் குழாய் வாலிலிருந்து தோளுக்கு இடம் மாறிவிடும்.

குளிர் நாடுகளில் புல்வேரைத் தின்னும் ஓர் இனம் உண்டு. தோல் கெட்டியாக இருப்பதால் அதன் புழுவுக்கு லெதர் ஜாக்கெட் என்று பெயர். 1935 கோடையில் இது லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் புகுந்து புல்லைத் தின்று, பிட்ச்சைச் சொட்டைத் தலையாக்கிவிட்டது. மைதான ஆட்கள் ஆயிரக்கணக்கில் பொறுக்கிக் கொளுத்தினார்கள். பந்து என்றுமில்லாதபடி சுழன்றது. அந்த வருஷம்தான் தென்னாப்பிரிக்கா, இங்கிலாந்து மண்ணில் தன் முதல் டெஸ்ட்டை ஜெயித்தது. லார்ட்ஸில், 157 ரன் வித்தியாசத்தில். லெக் ஸ்பின்னர் பாலஸ்காஸுக்கு ஒன்பது விக்கெட்.

இதைக் கேட்டதும் பேட்ஸ்மேன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “அப்போ மேன் ஆஃப் தி மாட்ச் அந்தப் புழுவுக்குத்தான் சார் குடுத்திருக்கணும்!”

அன்று முதல் அவர் என் கட்சி.

பாட்டிலைச் சேறும் இலையுமாக நிரப்பி, வேட்டித் துணியால் வாயைக் கட்டி, மூன்று புழுக்களோடு ஜன்னலில் வைத்தேன். வீட்டுக்கார அம்மா வாடகை வாங்க வந்தவர் பார்த்துவிட்டார்.

“இன்னாப்பா தம்பி இது? ஆசிரமத்தாண்ட வந்தா அவனவனுக்குச் சித்தம் தெளியுதுன்றாங்க. நீ இன்னாடான்னா சேத்தப் புடிச்சி பாட்டில்ல அடைச்சி வச்சிக்கினு கீறியே!”

மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி பதினோரு மணிக்குக் கூட்டுப்புழு ஒன்று சேற்றுக்கு மேலே பாதி உடம்பை நீட்டி நின்றது. முதுகு வெடித்தது. குடை உறையிலிருந்து குடையை உருவுகிற மாதிரி, ஒவ்வொரு காலாக, நிதானமாக, ஆறு கால்களையும் உருவியது. ஒன்று சிக்கினாலும் முடிந்தது கதை. அவசரமே படவில்லை. பேட்ஸ்மேன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கால் வெளியே வந்ததும் “சபாஷ்!” என்று கத்திவிட்டார். பக்கத்து ரூம்காரர் ஸ்கோர் கேட்டார்.

மறுநாள் காலை அதைப் பக்கத்து மனையில் விட்டோம்.

அந்த மனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஜன்னலுக்கு வெளியே பள்ளமான காலி இடம். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், தை மாசம் வரை ஈரம் காயாது. கோரை, தவளை, தட்டாம்பூச்சி. எங்கள் ட்யூப்லைட்டுக்கு வரும் விருந்தாளிகளில் பாதிப் பேருக்குப் பிறந்த ஊர் அதுதான். ஒரு சித்திரையில் டிப்பர் லாரிகள் வந்தன. கட்டட இடிபாடும் கிராவலும் கொட்டினார்கள். மூன்றே நாளில் பள்ளம் மேடாகிவிட்டது. ‘வீடுகள் விற்பனைக்கு’ என்று போர்டு வைத்தார்கள்.

அடுத்த ஐப்பசியில் மழைக்குக் குறைச்சலில்லை. கொசுவுக்கும் குறைச்சலில்லை. பேட்ஸ்மேன் வழக்கம்போல் கிரீஸில் இறங்கி அரை செஞ்சுரி அடித்தார். நாலாவது நாள் பேட்டைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

“என்ன சார், உங்க ஆளு ஒருத்தரையும் காணோம்?”

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை.

விஷயம் சிக்கலானதல்ல. டெங்குக் கொசுவுக்கு ஒரு தேங்காய் ஓடு போதும். பூந்தொட்டித் தட்டு போதும். பழைய டயர் போதும். மனையைத் தூர்த்தாலும் மொட்டை மாடித் தொட்டியில் பிழைத்துக்கொள்ளும். கொக்கு ஈக்கு அது முடியாது. அதற்கு வேண்டியது மண். ஈரம் காயாத மண். அதில் மட்கும் இலை. முட்டையும் இளம்புழுவும் வறட்சி தாங்காது. மண் காய்ந்தால் முதலில் சாவது அவைதான். பிரிட்டனின் மலைப்புல்வெளிகளில் இதை வருஷக்கணக்கில் பார்த்து 2010-ல் எழுதியிருக்கிறார்கள். ஆகஸ்டில் வெயில் கொளுத்திச் சேறு காய்ந்தால், அடுத்த வருஷம் கொக்கு ஈ குறைகிறது. அதைத் தின்று குஞ்சு வளர்க்கும் பொன் உப்புக்கொத்திப் பறவையும் பிறகு குறைகிறது. யாரும் எந்தப் பறவையையும் சுடவில்லை. மண் காய்ந்தது, அவ்வளவுதான். அங்கே பழைய வடிகால்களை அடைத்துத் திரும்ப ஈரமாக்கிய இடங்களில் கொக்கு ஈ பெருகியதையும் பார்த்திருக்கிறார்கள்.

நாம் நம் ஊர்களில் குளம் என்றால் தண்ணீர் மட்டும் என்று நினைக்கிறோம். நாலு பக்கமும் கான்கிரீட், மேலே டைல்ஸ், நடக்கப் பாதை, உட்கார பெஞ்ச். பார்க்க லட்சணம்தான். தண்ணீரும் தரையும் சேரும் அந்த இரண்டடி அழுக்கு ஓரம் போய்விடுகிறது. உள்ளான் வந்து மூக்கைச் செருகிப் பார்த்தால் சிமென்ட்.

வீட்டுக்கார அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு கதை சொன்னார். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. ரமண மகரிஷி இளவயதில் மலையில் சுற்றும்போது, புதருக்குள் இருந்த குளவிக் கூட்டில் கால் பட்டுவிட்டது. குளவிகள் அந்தக் காலையே சூழ்ந்து கொட்டின. கூட்டைக் கலைத்தது இந்தக் கால்தானே என்று அவை ஓய்கிற வரை காலை எடுக்காமல் நின்றாராம். ஆசிரமத்துக்குள் போனால் இன்றைக்கும் பார்க்கலாம். பசு லட்சுமிக்கு, மான் வள்ளிக்கு, நாய் ஜாக்கிக்கு, ஒரு காக்கைக்குக்கூட சமாதி இருக்கிறது.

“கொட்ற குளவிக்கே அவரு அப்பிடி நின்னாரு. இது கொட்டக்கூட கொட்டாதுன்றே. இதப் போயி அடிக்கறானே அந்தப் பையன்!” என்றார் அம்மா.

“இப்ப அடிக்கறதில்லீங்கம்மா,” என்றார் பேட்ஸ்மேன் அவசரமாக.

போன கார்த்திகையில் இரண்டு பேரும் சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனோம். வெளிச்சம் குறைகிற நேரம். கரையோரக் கோரைக்கு மேலே அவை ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சில, கோரைத்தாளைப் பற்றிக்கொண்டு காரணமில்லாமல் உடம்பை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தன. ஒரு பெண் சேற்றில் நின்று வால் நுனியைத் தையல் மெஷின் மாதிரி குத்திக் குத்தி எடுத்தது. ஒவ்வொரு குத்துக்கும் ஒரு முட்டை. பேட்ஸ்மேன் எண்ண ஆரம்பித்து, இருட்டிவிட்டதால் நாற்பத்து மூன்றில் நிறுத்திக்கொண்டார்.

உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு மழை ராத்திரி இது வந்து உட்கார்ந்தால், மூஞ்சியைப் பாருங்கள். ஊசி இருந்தால் கொசு. தாராளமாக அடியுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஊசி இல்லாமல், உடம்பைப் போல இரண்டு பங்கு காலும் இருந்தால், டம்ளரும் கல்யாணப் பத்திரிகையும் எடுத்துக்கொள்ளுங்கள். கையால் பிடிக்காதீர்கள், கால் உங்கள் கையோடு வந்துவிடும். வெளியே செடி மறைவாக, ஈரமான இடமாகப் பார்த்து விடுங்கள். வால் கூராக இருந்தால் வயிறு நிறைய முட்டை இருக்கலாம். அவளுக்கு நேரம் ரொம்பக் குறைவு.

விட்டதும் ட்யூப்லைட்டை ஒரு பத்து நிமிஷம் அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் மறுபடி வந்து உங்கள் மூக்கிலேயே மோதும்.